பாடம் 9: வளைவில் பொலிஸ் நிற்காவிட்டாலும்

மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் அவர்களுடைய குடும்பத்தாருக்கும்

இந்தப் பாடத்தைப் படித்து முடித்ததும் நீங்கள் தெரிந்திருக்க வேண்டியவை மூன்று. போக்குவரத்துப் பொலிஸார் மறித்தால் என்ன செய்வது, தண்டப்பணத்தை எப்படிச் செலுத்துவது, பொலிஸார் இல்லாத இடத்திலும் ஏன் மெதுவாக ஓட வேண்டும் என்பவையே அவை. மூன்றாவதுதான் முக்கியமானது. ஆகவே பாடத்தை அதிலிருந்து தொடங்குகிறோம்.

1. வீடு மாறினால் வீதியும் மாறுகிறது

2014 அக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. உயிர் தப்பிய குடும்பங்கள் பாடசாலைகளிலும் தொழிற்சாலைக் கட்டடத்திலும் நீண்ட காலம் தங்கியிருந்த பிறகே பூனாகலைப் பக்கத்தில் புதிய வீடுகளுக்குப் போனார்கள். அதற்குப் பின்னரும் பதுளை மாவட்டத்தில் மண்சரிவு அபாயம் காரணமாக எத்தனையோ குடும்பங்கள் இடம் மாற வேண்டி வந்திருக்கிறது. இந்தக் கைநூலை வாசிக்கும் உங்களில் பலரும் அப்படி வந்தவர்களே.

லயத்தில் இருந்தபோது மலைக்கு நடந்து போனோம். கடை, பிள்ளை மடுவம், கோயில் எல்லாம் கூப்பிடும் தூரத்தில் இருந்தன. புதிய இடத்தில் வீடு நல்லதாக இருக்கலாம். ஆனால் வேலைத்தளம் தூரம், பாடசாலை தூரம், ஆஸ்பத்திரி தூரம். பஸ் நேரத்துக்கு வராது. முச்சக்கரவண்டிக்குக் கொடுத்துக் கட்டாது. அதனால் வீட்டுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வந்து சேர்கிறது. பெரும்பாலும் அது லீசிங்கில் எடுத்ததாக இருக்கும்.

மோட்டார் சைக்கிள் வாங்குவது தவறல்ல. அது ஒரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்தக்கூடிய பொருள். ஆனால் மலையிலிருந்து தப்பி வந்த ஒரு குடும்பம், உழைக்கும் பிள்ளையை வீதியில் இழந்துவிடக் கூடாது. அதற்காகவே இந்தப் பாடம்.

2. லைட் அடித்தால் மட்டும் வேகம் குறைவது ஏன்?

பண்டாரவளையிலிருந்து ஹப்புத்தளைக்குப் போகும் வழியில் எதிரே வரும் லொறிக்காரர் இரண்டு தடவை லைட் அடிக்கிறார். உடனே உங்களுக்கு விளங்கிவிடும்: முன்னால் பொலிஸ் நிற்கிறது. கை தானாகவே எக்ஸலேட்டரை விடுகிறது. தலைக்கவசத்தின் பட்டியைப் போடாமல் வந்திருந்தால் அதையும் இழுத்துப் போடுகிறீர்கள். பொலிஸாரைக் கடந்து போகும்போது உங்களைப் போல நல்ல சாரதி நாட்டிலேயே இல்லை. அடுத்த வளைவு தாண்டியதும் பழைய வேகம் திரும்பிவிடுகிறது.

இதை யாரும் ஒளிக்கத் தேவையில்லை. தம்பிமார், அண்ணாமார், அப்பாமார் என எல்லாரும் செய்வதுதான். ஆனால் ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். அந்த வளைவில் நீங்கள் வேகத்தைக் குறைத்தது எதற்குப் பயந்து? தண்டப் பத்திரத்துக்குப் பயந்து. அதற்கு அடுத்த வளைவில் என்ன இருந்தது? ஒரு பக்கம் மலை, மறு பக்கம் பள்ளம், நடுவில் எதிரே வரும் பஸ். பயப்பட வேண்டிய இடம் எது?

பொலிஸார் ஒரு நாளில் ஒன்றோ இரண்டோ இடங்களில்தான் நிற்பார்கள். பள்ளம் ஒவ்வொரு வளைவிலும் இருக்கிறது, எல்லா நாளும் இருக்கிறது. லைட் அடித்து எச்சரிக்கவும் அங்கே ஆளில்லை.

ஊவா வீதிகளைப் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்லித் தர வேண்டியதில்லை. 2021 மார்ச் 20ஆம் திகதி பசறை வீதியில் 13ஆம் மைல்கல்லருகே தனியார் பஸ் ஒன்று பள்ளத்தில் பாய்ந்து குறைந்தது 14 பேர் இறந்தார்கள். 2025 செப்டம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல – வெல்லவாய வீதியில் சுற்றுலா வந்த பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். பஸ்ஸைச் சுற்றி இரும்பு இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் போகிறவரைச் சுற்றி என்ன இருக்கிறது? ஒரு சேட்டும் ஒரு தலைக்கவசமும்தான்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் வீதி விபத்துகளில் இறக்கிறார்கள். 5 வயது முதல் 29 வயது வரையானவர்களின் மரணத்துக்கு முதற் காரணம் எந்த நோயும் அல்ல, வீதி விபத்தே. சராசரி வேகம் நூற்றுக்கு ஒன்று கூடினால் உயிர் போகும் விபத்துக்கான அபாயம் நூற்றுக்கு நான்கு கூடுகிறது என்றும் அந்த நிறுவனம் சொல்கிறது.

3. வேகத்தின் கணக்கு

"நேரம் போய்விட்டது, அதனால்தான் வேகமாக ஓடினேன்" என்று நாம் சொல்வதுண்டு. அந்த நேரத்தைக் கணக்குப் பார்ப்போம்.

*நேரக் கணக்கு.* பண்டாரவளையிலிருந்து ஹப்புத்தளை ஏறத்தாழ 10 கிலோமீற்றர். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் போனால் 15 நிமிடம். 60 கிலோமீற்றர் வேகத்தில் போனால் 10 நிமிடம். மிச்சம் 5 நிமிடம். அதுவும் வளைவே இல்லாத நேர் வீதியில்தான். நம் வீதியில் வளைவுக்கு வளைவு பிரேக் பிடிக்க வேண்டும், பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்து போக வேண்டும். ஆகவே உண்மையில் மிஞ்சுவது இரண்டு, மூன்று நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தை வீட்டிலிருந்து நேரத்தோடு புறப்பட்டே சம்பாதித்துக்கொள்ளலாம்.

*தூரக் கணக்கு.* முன்னால் ஒரு பிள்ளை வீதிக்கு ஓடி வருகிறது. கண் கண்டு, மூளை உணர்ந்து, கை பிரேக்கைப் பிடிக்க ஏறத்தாழ ஒரு செக்கன் ஆகும். 40 கிலோமீற்றர் வேகத்தில் அந்த ஒரு செக்கனில் வண்டி 11 மீற்றர் போய்விடும். அது ஏறக்குறைய ஒரு பஸ்ஸின் நீளம். 60 கிலோமீற்றர் வேகத்தில் 16 மீற்றருக்கும் மேல் போய்விடும். பிரேக் வேலை செய்யத் தொடங்குவது அதற்குப் பிறகுதான். காய்ந்த வீதியில் 40 வேகத்தில் வண்டி நிற்பதற்கு மொத்தமாக 20 மீற்றர் அளவும், 60 வேகத்தில் 40 மீற்றர் அளவும் வேண்டும். வேகம் கூடியது ஒன்றரை மடங்கு, தூரம் கூடியது இரண்டு மடங்கு. வீதி ஈரமாக இருந்தால் 60 வேகத்தில் நிற்பதற்கு 60 மீற்றர் வரை போகலாம். இறக்கமாக இருந்தால் இன்னும் கூடும். பின்னால் ஒருவர் இருந்தாலோ, மரக்கறி மூட்டை கட்டியிருந்தாலோ அதுவும் பாரம்தான்.

எங்கள் வளைவுகளில் 60 மீற்றர் தூரம் கண்ணுக்குத் தெரிவதே அபூர்வம். மார்கழியில் ஹப்புத்தளைப் பக்கம் பனிமூட்டம் இறங்கினால் 10 மீற்றர்கூடத் தெரியாது. கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் வண்டியை நிறுத்த முடியுமா? மலைநாட்டுச் சாரதிக்கு இந்த ஒரு கேள்வி போதும். முடியாது என்றால், பலகையில் எந்த இலக்கம் போட்டிருந்தாலும் நீங்கள் ஓடும் வேகம் கூட.

*பணக் கணக்கு.* மோட்டார் சைக்கிளுக்குரிய பொதுவான வேக எல்லை நகர்ப் பகுதிகளில் 50 கிலோமீற்றர், அதற்கு வெளியே 70 கிலோமீற்றர். வீதியோரப் பலகையில் அதைவிடக் குறைந்த வேகம் எழுதியிருந்தால் பலகையில் உள்ளதே சட்டம். 2018இல் திருத்தப்பட்ட தண்டப்பண அட்டவணையின்படி 50 எல்லை உள்ள இடத்தில்:

- 60 வரை ஓடினால் 3,000 ரூபா
- 60க்கு மேல் 65 வரை 5,000 ரூபா
- 65க்கு மேல் 75 வரை 10,000 ரூபா
- 75க்கு மேல் 15,000 ரூபா

2024 செப்டம்பரில் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தைக் கொண்டு பாருங்கள். மிகச் சிறிய தண்டமே இரண்டு நாள் கொழுந்தைவிடக் கூட. பெரியது பதினொரு நாள் கொழுந்து. அந்தத் தண்டத்தைக் கட்டுவது பெரும்பாலும் வண்டி ஓடியவர் அல்ல, கூடை சுமக்கும் அம்மாவோ அக்காவோதான். இதை வீட்டில் பேசிக்கொள்ளுங்கள்.

4. பொலிஸார் மறித்தால்

முதலில், நிறுத்துங்கள். சைகை காட்டியும் நிறுத்தாமல் ஓடுவது தனிக் குற்றம். லைசன் இல்லாத பயத்தில் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடுகிறவர்தான் எதிரே வரும் லொறியில் மோதுகிறார். தண்டப் பத்திரத்தால் யாரும் செத்ததில்லை.

படிப்படியாக இப்படிச் செய்யுங்கள்.

அ. இடது பக்கம், வளைவு இல்லாத இடத்தில் நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள். தலைக்கவசத்தைக் கழற்றி முகத்தைக் காட்டுங்கள்.

ஆ. கேட்கும் பத்திரங்களைக் கொடுங்கள். சாரதி அனுமதிப்பத்திரம், வாகன வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதிப் பத்திரம், புகைப் பரிசோதனைச் சான்றிதழ் ஆகிய நான்கும் வண்டியோடு இருக்க வேண்டும். மழையில் நனையாதபடி ஒரு பொலித்தீன் உறையில் போட்டு வையுங்கள்.

இ. என்ன குற்றம் என்று மரியாதையாகக் கேளுங்கள். "சேர், நான் என்ன பிழை செய்தேன்?" என்று கேட்பது எதிர்த்துப் பேசுவதாகாது. வேகமானியில் பிடித்ததாகச் சொன்னால் அதில் பதிந்த வேகத்தைக் காட்டும்படி கேட்கலாம்.

ஈ. எழுதித் தருவதை விளங்கிக்கொள்ளுங்கள். நம்மில் பலருக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. சிங்களத்தில் "தட கொலே" என்று சொல்லப்படும் தண்டப் பத்திரத்தில் எந்தக் குற்றம் குறிக்கப்பட்டிருக்கிறது என்று தெரியாமல் வாங்கி மடித்து வைக்காதீர்கள். "மேகே மொனவத லியலா தியென்னே?" (இதில் என்ன எழுதியிருக்கிறது?) என்று கேளுங்கள். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்துக்குப் பின் தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலம் கொடுக்க நேர்ந்தால் தமிழில் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. விளங்காத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில், அதை வாசித்து விளக்கும்வரை கையெழுத்துப் போட வேண்டாம்.

உ. கோபம் வந்தாலும் குரலை உயர்த்த வேண்டாம். அலுவலர் பிழையாக நடந்தால் அவருடைய இலக்கம், இடம், நேரம் ஆகியவற்றை மனதில் வைத்துக்கொண்டு பிறகு முறைப்பாடு செய்யுங்கள். தேசிய பொலிஸ் ஆணைக்குழுவின் தொலைபேசி இலக்கம் 1960. முறைப்பாட்டால் ஒன்றும் நடக்காது என்று நினைக்க வேண்டாம். 2021 மார்ச்சில் கொழும்பை அடுத்த பன்னிப்பிட்டியில் போக்குவரத்துப் பொலிஸ் அலுவலர் ஒருவர் லொறிச் சாரதி ஒருவரை வீதியில் போட்டுத் தாக்கிய காணொளி வெளிவந்தது. அந்த அலுவலர் பணியிலிருந்து இடைநிறுத்தப்பட்டுக் கைதும் செய்யப்பட்டார்.

5. தண்டப் பத்திரம் கையில் வந்த பிறகு

அலுவலர் உங்கள் சாரதி அனுமதிப்பத்திரத்தை எடுத்துக்கொண்டு தண்டப் பத்திரத்தைத் தருவார். அந்தப் பத்திரமே 14 நாட்களுக்குத் தற்காலிக அனுமதிப்பத்திரம். தொலைக்க வேண்டாம்.

- 14 நாட்களுக்குள் தபாலகத்தில் தண்டப்பணத்தைக் கட்டி, பற்றுச்சீட்டைப் பொலிஸ் நிலையத்தில் காட்டி, அனுமதிப்பத்திரத்தை மீளப் பெறுங்கள்.
- 14 நாட்கள் கடந்து 28 நாட்களுக்குள் கட்டினால் தொகை இரண்டு மடங்கு.
- 28 நாட்களும் கடந்தால் வழக்கு நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும்.

2025ஆம் ஆண்டு முதல் கைத்தொலைபேசி வழியாக அந்த இடத்திலேயே கட்டும் "கவ்பே" முறையும் அறிமுகமாகி வருகிறது. அப்படிக் கட்டினால் அனுமதிப்பத்திரத்தைக் கையோடு பெற்றுக்கொள்ளலாம். வசதி உண்டா என்று அலுவலரிடம் கேளுங்கள்.

சம்பளம் வரட்டும், பிறகு கட்டலாம் என்று பத்திரத்தை அலுமாரியில் வைத்தவர்கள்தான் கடைசியில் நீதிமன்றப் படி ஏறுகிறார்கள். கையில் பணம் இல்லையென்றால் 14ஆம் நாளுக்கு முன்பே வீட்டில் சொல்லுங்கள்.

சில குற்றங்களுக்குத் தண்டப் பத்திரம் கிடையாது, நேரே நீதிமன்றம்தான். அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஓடுதல், குடித்துவிட்டு ஓடுதல், காப்புறுதி இல்லாமல் ஓடுதல், ரயில் கடவையில் கவனமில்லாமல் கடத்தல் ஆகியவை அவற்றுள் அடங்கும். இவற்றுக்குக் குறைந்த அபராதமே 25,000 ரூபா. மேலே சொன்ன நாட்சம்பளத்தில் அது 18 நாளுக்கும் மேற்பட்ட உழைப்பு. அனுமதிப்பத்திரம் இல்லாத தம்பிக்கு "கடை வரைக்கும்தானே" என்று வண்டியைக் கொடுக்கும் அண்ணனும் குற்றவாளியாவார். அனுமதிப்பத்திரம் இல்லாதவர் விபத்தில் சிக்கினால் காப்புறுதி நிறுவனம் பணம் தர மறுக்கலாம். அப்போது லீசிங் கடனும் ஆஸ்பத்திரிச் செலவும் ஒன்றாக வீட்டுக்கு வரும்.

6. "ஐந்நூறு ரூபா கொடுத்தால் முடிந்துவிடும்"

இப்படிச் சொல்லித் தருபவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். இலஞ்சம் வாங்குவது மட்டுமல்ல, கொடுப்பதும் குற்றம். 2023ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டம் இருவரையும் பிடிக்கும். தண்டப்பணம் உங்கள் ஒரு பிழைக்கான விலை. இலஞ்சம் கொடுத்தால் அது இரண்டாவது பிழை.

இன்னொரு நட்டமும் இருக்கிறது. ஒரு தடவை கொடுத்தவரை மறுபடி மறுபடி மறிப்பார்கள் என்பது வீதியில் ஓடுகிற எல்லாருக்கும் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, பணத்தால் முடியும் என்று பழகியவர் வேகத்தைக் குறைக்கவே மாட்டார். பள்ளத்திடம் ஐந்நூறு ரூபா செல்லாது.

யாராவது உங்களிடம் இலஞ்சம் கேட்டால், "சேர், பத்திரம் எழுதித் தாருங்கள், தபாலகத்தில் கட்டுகிறேன்" என்று சொல்லுங்கள். தொடர்ந்து வற்புறுத்தினால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 இலக்கத்துக்கு அறிவிக்கலாம்.

7. வீட்டில் எடுக்க வேண்டிய முடிவு

சட்டத்தைப் பொலிஸார் நடைமுறைப்படுத்துவது வீதியில். பழக்கத்தை உண்டாக்குவது வீட்டில். இந்தப் பாடத்தை ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டு, பின்வருவனவற்றைக் குடும்பமாக முடிவு செய்யுங்கள்.

- 18 வயது நிறைந்து அனுமதிப்பத்திரம் எடுக்கும்வரை யாருக்கும் வண்டிச் சாவி இல்லை.
- வண்டியில் இரண்டு பேருக்கு மேல் ஏறுவதில்லை. கோயில் திருவிழாவானாலும் ஞாயிற்றுச் சந்தையானாலும் இதே விதிதான்.
- ஓடுகிறவருக்கு ஒன்று, பின்னால் இருப்பவருக்கு ஒன்று என இரண்டு தலைக்கவசம். பட்டி போடாத தலைக்கவசம் விழும்போது தலையில் இருக்காது.
- வெளியே போகிறவரிடம் "கெதியாக வந்துவிடு" என்று சொல்வதை நிறுத்துவோம். "மெதுவாக வா, சோறு எடுத்து வைத்திருக்கிறேன்" என்று சொல்வோம்.
- தாமதமானால் தொலைபேசியில் அழைத்துத் திட்டுவதில்லை. ஓடும்போது வரும் அழைப்பை அவரும் எடுப்பதில்லை.
- 119 பொலிஸ், 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸ். இரண்டு இலக்கங்களும் எல்லாருடைய தொலைபேசியிலும் இருக்கட்டும்.

புதிய குடியிருப்பில் ஒரே வீதியைப் பல குடும்பங்கள் பாவிக்கின்றன. பாடசாலை விடும் நேரத்தில் அந்த ஓரத்தில் நடந்து வருவது பக்கத்து வீட்டுப் பிள்ளை. கொழுந்து நிறுக்கப் போகிறவர் உங்கள் சின்னம்மா. அவர்களை மண்சரிவிலிருந்து காப்பாற்ற உங்களால் முடியாமல் போயிருக்கலாம். வளைவில் வேகத்தைக் குறைப்பது உங்கள் கையில் இருக்கிறது. அதற்கு அரசாங்க உதவியோ நிறுவனத்தின் உதவியோ தேவையில்லை.

கலந்துரையாடுவதற்கான கேள்விகள்

1. நீங்கள் தினமும் போகும் வழியில் எதிரே வருவது தெரியாத வளைவுகள் எத்தனை? ஒவ்வொன்றின் பெயரையும் சொல்லுங்கள். அங்கே நீங்கள் எந்த வேகத்தில் போகிறீர்கள்?
2. பொலிஸார் நிற்பதாக லைட் அடித்துச் சொல்வது உதவியா? மண் சரிந்திருக்கிறது, பனி மூட்டமாக இருக்கிறது, பிள்ளைகள் வருகிறார்கள் என்றும் அதேபோல் எச்சரிக்க நாம் என்ன செய்யலாம்?
3. 14 நாட்களுக்குள் 3,000 ரூபா கட்ட முடியாத ஒரு குடும்பம் உங்கள் குடியிருப்பில் இருந்தால், மரண உதவிச் சங்கமோ மாதர் சங்கமோ எப்படிக் கைகொடுக்கலாம்?
4. உங்கள் குடியிருப்பில் சிங்களத்தில் எழுதிய பத்திரத்தை வாசித்துச் சொல்லக்கூடியவர் யார்? அவருடைய தொலைபேசி இலக்கம் எல்லாரிடமும் இருக்கிறதா?

இந்த வாரம் செய்ய வேண்டியது

வண்டியின் நான்கு பத்திரங்களையும் எடுத்து, காலாவதியாகும் திகதிகளைச் சுவர்க் கலண்டரில் குறித்து வையுங்கள். பின்னர், வழமையாகப் போகும் ஒரு பயணத்தை ஒரு நாள் வழமையான வேகத்திலும் மறுநாள் மெதுவாகவும் போய், எத்தனை நிமிடம் வித்தியாசம் என்று எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.